முழுத் திருப்தி

“அடுத்த கேள்வி சார். ‘பாடம் நடத்தத் தேவையான இயந்திரங்கள் உங்கள் கல்லூரியில் உள்ளனவா? அவற்றால் உங்களுக்குப் பணியில் திருப்தி கிடைக்கிறதா?’ முழு அதிருப்தியிலேருந்து முழுத் திருப்தி வரைக்கும் கட்டம் இருக்குது. ஒண்ணுல டிக் பண்ணுங்க.”

ஆதிநாராயணன் பேனாவை வாங்கிக்கொண்டான். அவன் தோளின் மேல் ஒரு கை இருந்தது. மோதிரங்கள் போட்ட கை. கரஸ்பாண்டெண்ட் கோவர்த்தனனுடையது. அவர்தான் கல்லூரியின் சொந்தக்காரர், நிர்வாகி, முதல்வர் இல்லாத நாட்களில் முதல்வர். முதல்வர் என்று ஒருவர் எந்த நாளும் இருந்ததில்லை.

பேனா ‘முழு அதிருப்தி’யின் பக்கம் போனது. தோளில் மோதிரங்கள் அழுந்தின. ‘அதிருப்தி’க்கு வந்தது. இன்னும் அழுந்தின. ‘கருத்து இல்லை’யில் கொஞ்சம் நின்று பார்த்தது. எலும்பு வலித்தது. ‘முழுத் திருப்தி’யில் டிக் விழுந்த பிறகுதான் கை எடுபட்டது.

எதிரே இருந்த பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர் தாட்சாயணி. திருப்பதியில் ஆராய்ச்சி செய்கிறாள்; தமிழ் பேசினாலும் ‘இல்லையா’ என்பது தெலுங்கில் ‘கதா’ என்றுதான் வரும். தொழிற்கல்லூரி ஆசிரியர்களின் பணித் திருப்தியில் கற்றல் வசதிகளுக்கு என்ன பங்கு என்பது தலைப்பு.

“சார்! ஜில்லா பூரா சுத்திட்டு வர்றேன். முழுத் திருப்தின்னு போட்ட மொத ஆளு நீங்கதான்.”

“ரொம்ப சந்தோஷம்மா,” என்றார் கோவர்த்தனன்.

“மத்தவங்கள்லாம் ‘மிஷினே இல்ல, எப்படிம்மா திருப்தி’ன்னு அழுவுறாங்க. நீங்க டர்னர் டிரேடு கதா சார்? உங்ககிட்ட லேத் இருக்குதா?”

ஆதிநாராயணன் வாயைத் திறந்தான். கோவர்த்தனன் முந்திக்கொண்டார். “இல்லாமயா? நல்ல லேத்தும்மா. சர்வீசுக்குத் திருப்பதி போயிருக்குது. வியாழக்கிழமை வந்துரும்.”

“அப்ப வியாழக்கிழமை வர்றேன். ஓடறதைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இல்லாட்டி எங்க கைடு நம்பமாட்டார்.”

“உங்க கைடு யாரும்மா?”

அவள் பெயரைச் சொன்னாள். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கமிட்டியில் அவர் உறுப்பினர். கோவர்த்தனன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஸ்கூட்டி கேட்டைத் தாண்டும்வரை சிரித்த முகமாக நின்றார். பிறகு திரும்பினார்.

“ஏம்பா ஆதி, உன்னை யாரு முழுத் திருப்தி போடச் சொன்னது?”

“நீங்கதான சார் தோளை அமுத்தினீங்க?”

“திருப்தின்னு போடத்தான் அமுத்தினேன். வெறும் திருப்தி. முழுசா யாரு கேட்டா? மனுசனுக்கு ஒரு அளவு வேணாம்?”

“இன்னும் கொஞ்சம் அமுத்தியிருந்தா எலும்பு முறிஞ்சிருக்கும் சார்.”

ஆந்திர எல்லையில், புத்தூரிலிருந்து நகரி போகும் சாலையில் இருந்தது அந்தக் கல்லூரி. முன்பு கோழிப் பண்ணை. கோழி விலை விழுந்த வருஷம் கோவர்த்தனன் கல்விக்கு மாறினார். சென்னை நெடுஞ்சாலையில் நாளுக்கொரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். எல்லை ஊர்களின் பையன்கள் கரும்பு வெட்டப் போவதை விட்டுவிட்டு, விடியும்போது வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறச் சர்டிபிகேட் வேண்டும். கோவர்த்தனன் அதைத் தந்தார்.

ஆதிநாராயணன் தர வேண்டியது தொழில். ‘மெஷின் ஷாப்’ என்று பலகை மாட்டிய நீளமான அறையில் அவனிடம் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் கலர் சாக்பீஸில், இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத்து ஒன்றை வரைந்து வைத்திருந்தான். வேலையில் சேர்ந்த வாரம் வரைந்தது. அதை யாரும் அழிக்கக்கூடாது என்பது விதி. எழுத வேண்டியதை ஓரத்தில் எழுதுவார்கள்.

பிராக்டிகலுக்கு முள்ளங்கி. புத்தூர்ச் சந்தையில் நீளமாக, நேராக இருப்பதாகப் பார்த்து வாங்குவான். பையன்கள் அதை ஒரு கம்பியில் குத்தி, ஒருவன் சுற்ற, இன்னொருவன் பிளேடால் சீவ வேண்டும். படிப்படியாகச் சீவினால் ஸ்டெப் டர்னிங். சரிவாகச் சீவினால் டேப்பர் டர்னிங். சரியாக வராத முள்ளங்கி ஹாஸ்டல் சாம்பாருக்குப் போகும். சரியாக வந்ததும் அங்கேதான் போகும். புத்தகம் தெலுங்கில், பரீட்சை இங்கிலீஷில், முள்ளங்கி மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

போன வருஷம் நாயுடுபேட்டைப் பக்கத்து உதிரிபாகக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. நல்ல பையன்களாகப் பார்த்து அழைத்துப்போய் நிஜமான லேத்தின் முன்னால் நிறுத்தினார்கள். முதலில் போனவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “முள்ளங்கி எங்க சார்?” என்று கேட்டான். கம்பெனி வேன் அன்றைக்கே எல்லோரையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

இந்த வருஷம் அதே கம்பெனி வருகிற திங்கட்கிழமை வருகிறது. இதுவும் போனால் இனிமேல் வரமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

லேத்து அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒருநாள் வரும். அங்கீகாரக் கமிட்டி வரும் அன்று காலையில், திருப்பதியிலிருந்து சிட்டிபாபுவின் டெம்போவில் வந்து இறங்கும். ரேணிகுண்டா ரோட்டில் ஏதோ ஒரு வொர்க்‌ஷாப்பின் லேத்து என்றும், வாடகைக்கு வருகிறது என்றும் கோவர்த்தனன் சொல்லியிருந்தார். கல்யாண வீட்டுக்கு அண்டா வருவதுபோல வரும். குங்குமம் வைத்து நிற்கும். கமிட்டி டீ குடித்துவிட்டுப் போனதும் அடுத்த கல்லூரிக்குக் கிளம்பிவிடும். ஓடாது. ஓட்டிக் காட்டு என்று கமிட்டி கேட்டால் “கரண்ட் இல்ல” என்று சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் அதை நம்பாதவர் யாரும் இல்லை.

புதன்கிழமை லேத்து வந்தது.

சிட்டிபாபு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். “எக்கட சார்? போன தபா நின்ன எடமேவா?”

“அங்கயேதான் சிட்டி. பாத்து எறக்கு.”

“இது நமக்குப் பழக்கப்பட்ட உருப்படி சார். கண்ணை மூடிக்கினு எறக்குவேன்.”

கூரையில் மாட்டிய செயின் பிளாக்கில் தொங்கி, ஆடி, தரையில் உட்கார்ந்தது. பச்சைப் பெயிண்ட். முன்பக்கம் நீளமாக ஒரு கீறல். ஆதிநாராயணன் இரும்பைக் கவ்விச் சுற்றும் ‘சக்’கைப் பிடித்துக் கையால் சுற்றினான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. யாரோ தினமும் எண்ணெய் போட்டு ஓட்டுகிற லேத்து. வெட்டும் டூலைத் தாங்கி நகரும் கேரியேஜை இழுத்தான். வந்தது. தள்ளினான். போனது.

மனைவி யமுனா இறந்த பிறகு இரண்டு வருஷமாக அவன் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. மெஸ்ஸில் வைத்ததைத் தின்றான். கொடுத்த வகுப்பை எடுத்தான். தாட்சாயணியின் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் அவனுக்கு ஒன்றுதான். இப்போது கேரியேஜை இன்னொரு முறை இழுத்தான். இது இங்கேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை வரைக்குமாவது.

வியாழக்கிழமை தாட்சாயணி கேமராவுடன் வந்தாள். லேத்தைச் சுற்றி நடந்தாள்.

“சார், இதை நான் எங்கயோ பார்த்திருக்கேன். நாயுடுபேட்டைல ஒரு காலேஜுல. இதே பச்சை. இதே கீறல்.”

“பேட்சே அப்படிம்மா,” என்றார் கோவர்த்தனன். “அந்தக் கம்பெனி லேத்து எல்லாத்துலயும் கீறல் வரும்.”

“அப்படியா!” என்று எழுதிக்கொண்டாள். “சரி, ஓட்டுங்க சார்.”

“கரண்ட் இல்லம்மா.”

“ஃபேன் சுத்துது கதா?”

மூன்று பேரும் தலைக்கு மேலே பார்த்தார்கள். சுற்றியது.

“ஃபேனுக்கு இருக்குதும்மா. லேத்துக்குத் த்ரீ ஃபேஸ் வேணும். அது வரணும்.”

“வரட்டும் சார். அவசரம் இல்ல. நான் தயிர்சாதம் கொண்டாந்திருக்கேன்.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்லூரிக்குத் த்ரீ ஃபேஸ் லைனே கிடையாது. அவள் ரிட்டயர் ஆகும்வரை உட்கார்ந்திருந்தாலும் அது வராது. கோவர்த்தனன் ஆதிநாராயணனை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏதாவது பண்ணுய்யா. நீதான முழுத் திருப்தி போட்டவன்.”

கம்பிமேல் சாய்ந்துகொண்டிருந்த மாணவன் திலீப் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். “சார், எங்க மோட்டார் கொட்டாய்ல த்ரீ ஃபேஸ் கீது சார். இந்த வாரம் எங்களுக்குப் பகல் கரண்டு. நைனா சந்தைக்குப் போய்க்கீறாரு. அங்கேந்து இஸ்துக்கலாமா?”

ஆதிநாராயணன் யோசிக்கவே இல்லை. வேலியைத் தாண்டி ஒயர் போனது. மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து லைன் எடுத்தான். பையன்கள் கொய்யா மரத்தின்மேல் ஒயரைத் தூக்கிப் போட்டார்கள். சுவிட்சைப் போட்டான்.

லேத்து ஓடியது. தலைகீழாக ஓடியது.

சக் எதிர்ப்பக்கம் சுற்றியது. இரண்டு ஒயரை இடம் மாற்றினால் திசை மாறும். அது அவனுக்குத் தெரியும். ஓடிப்போய் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே இரண்டு ஒயரை மாற்றிவிட்டு ஓடி வந்தான். லேத்து சரியாகச் சுற்றியது. அதே பெட்டியிலிருந்துதான் கிணற்று மோட்டாருக்கும் லைன் போகிறது என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

இரும்புத் துண்டைச் சக்கில் மாட்டினான். டூலைத் தொட வைத்தான். கீச்சென்று ஒரு சத்தம். பிறகு நீல நிறத்தில் சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது. பையன்கள் நெருங்கி வந்தார்கள்.

“சார், இது முள்ளங்கி மாதிரியே வருது சார்,” என்றான் ஒருவன்.

“வாயை மூட்ரா,” என்றார் கோவர்த்தனன்.

தாட்சாயணி போட்டோ எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவது எடுக்கக் கண்ணை வைத்தவள் ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி போனாள்.

“சார், லேத் என் பக்கம் வர்றா மாதிரி இருக்குது.”

வந்துகொண்டுதான் இருந்தது. கோழிப் பண்ணைத் தரை கழுவிவிட வசதியாகச் சரிவாகப் போட்டது. அதிர்வில் லேத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைப் பக்கம் நடந்தது. ஆதிநாராயணன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

“ஏன் சார் தரையோட முடுக்கி வைக்கல? பாதுகாப்பு முக்கியம் கதா?” என்றாள் தாட்சாயணி.

“முடுக்கிர்றோம்மா, முடுக்கிர்றோம்,” என்றார் கோவர்த்தனன். அவளை எப்படியாவது கிளப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஆதிநாராயணன் அந்த வார்த்தையைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டான்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. குரலோடு ஆளும் வந்துவிட்டார். சந்தையிலிருந்து திரும்பிய திலீப்பின் அப்பா வீராசாமி. தோளில் மண்வெட்டி.

“எவன்டா அவன் எம் மோட்டார்ல கைய வச்சவன்? மோட்டாரு ஓடுது, சொட்டுத் தண்ணி வரல. போரு வத்திப்பூட்ச்சின்னு எனுக்கு நெஞ்சே நின்னுபூட்ச்சி. எம் பொஞ்சாதி வரப்புல குந்திக்கினு ஒப்பாரி வச்சிக்கினு கீறா. போர் போடற வண்டிக்காரன் வூட்டுக்கு ஆள் அனுப்பிட்டேன்!”

ஆதிநாராயணன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “மன்னிச்சிருங்க. வத்தல. மோட்டார் தலைகீழா சுத்துது. ஒயரை மாத்தினது நான்தான்.”

“வாத்தியாரே, நீ இன்னா படிச்சிட்டு வந்த?”

“தப்புதாங்க.”

வீராசாமி மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கண் லேத்தின் முன்னால் நின்ற திலீப்பின் மேல் போனது.

“நீ இங்க இன்னாடா பண்ற?”

“பாரு நைனா,” என்று திலீப் சுவிட்சைப் போட்டான். கைப்பிடியை மெல்லச் சுற்றினான். இரும்பு உரிந்தது. சூடான சுருள் ஒன்று வீராசாமியின் காலருகே வந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

“இரும்பா இது?”

“இரும்புதான் நைனா.”

“நீயா சீவற?”

“நான்தான் நைனா.”

வீராசாமி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு ஆதிநாராயணனிடம் திரும்பினார். “ஒயரு இருக்கட்டும் வாத்தியாரே. தண்ணி மட்டும் மேல வர்றா மாதிரி பண்ணிக் குடு. பயிரு காயுது.”

இந்த முறை ஆதிநாராயணன் ஸ்டார்ட்டரைப் பழையபடி ஆக்கிவிட்டு, லேத்தின் சுவிட்ச் பெட்டியில் ஒயரை மாற்றினான். தண்ணீர் மேலே வந்தது. லேத்து நேராகச் சுற்றியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கோவர்த்தனன் நெற்றியைத் துடைத்தபோது தாட்சாயணி செல்போனை மூடினாள்.

“சார், கைடுகிட்ட சொல்லிட்டேன். அவர் நம்பவே இல்ல. சனிக்கிழமை நேர்ல வர்றாராம். இன்னும் ரெண்டு காலேஜுக்காரங்களையும் கூட்டிக்கினு வருவாராம். ‘இதை மாடல் காலேஜ்னு காட்டணும்’னு சொல்றார்.”

கோவர்த்தனன் துடைத்த நெற்றியில் மறுபடியும் வியர்த்தது. வெள்ளிக்கிழமை சூளூர்பேட்டையில் ஒரு கல்லூரிக்குக் கமிட்டி வருகிறது. லேத்து அங்கே நிற்க வேண்டும்.

“ஒண்ணும் பயமில்ல,” என்றார், அவள் போனதும். “நாளைக்குக் காலைல சூளூர்பேட்டை. சாயந்தரம் திரும்பி வந்துரும். சனிக்கிழமை இங்க. அன்னிக்கே திருப்பதி.”

“திங்கட்கிழமை கம்பெனி வருது சார்.”

“வரட்டும். உங்கிட்ட முள்ளங்கி இருக்குதில்ல?”

ஆதிநாராயணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனான். பெரிய போல்ட்டுகளும் ஒரு மூட்டை சிமெண்டும், சீக்கிரம் இறுகச் செய்யும் பவுடரும் வாங்கினான். கோவர்த்தனன் வீட்டுக்குக் கிளம்பியதும் பையன்கள் குழி தோண்டினார்கள். தலைக்கு ஒரு சட்டி ஜல்லி சுமந்தார்கள். வீராசாமி அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டு, “இன்னாடா கலவ இது, கஞ்சியாட்டம்?” என்று தானே இறங்கிக் கலந்தார். ராத்திரிக்குள் லேத்து தரையில் வேர் விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சிட்டிபாபு செயின் பிளாக்கை மாட்டி இழுத்தான். லேத்து அசையவில்லை. இன்னும் இழுத்தான். கூரைத் தகரம் முனகியது.

“சார், மிஷினு ரொம்ப அடம் புடிக்குது.”

கோவர்த்தனன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இன்னாய்யா இது?”

“முடுக்கிட்டேன் சார்.”

“யாரைக் கேட்டு?”

“நீங்கதான சார் சொன்னீங்க? ‘முடுக்கிர்றோம்மா’ன்னு. ரெண்டு தபா சொன்னீங்க.”

“அது அந்தப் பொண்ணுக்குச் சொன்னதுய்யா! ஒரு பேச்சுக்குச் சொன்னா சிமெண்டு போட்ருவியா?”

அவர் செல்போன் அடித்தது. சூளூர்பேட்டைக் கல்லூரிக்காரர்.

“வந்துக்கினே இருக்குது சார்... டெம்போல ஏத்தியாச்சு... கமிட்டி காளாஸ்தி தாண்டிட்டாங்களா? நாயுடுபேட்டைல டிபன் வாங்கிக் குடுங்க சார். நெய் தோசை சொல்லுங்க. மெதுவா துன்னுவாங்க.”

போனை வைத்துவிட்டு, “கடப்பாறை எடுத்தாங்கடா!” என்று கத்தினார்.

மாணவர்கள் யாரும் நகரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வீராசாமி மட்டும் சொன்னார்: “எங்கிட்ட ஒண்ணு கீது சார். ஆனா அதும்மேல நான் குந்திக்கினு கீறன்.”

சிட்டிபாபு எங்கிருந்தோ ஒரு சுத்தியலைத் தேடி எடுத்துச் சிமெண்டைத் தட்டிப் பார்த்தான். “பலே கெட்டி சார். யாரு போட்டது?” என்று மெச்சினான். கோவர்த்தனன் அவனை முறைத்தார்.

மறுபடியும் போன். “நாயுடுபேட்டை தாண்டிட்டாங்களா? அதுக்குள்ளயா? மொதல்ல லைப்ரரி காட்டுங்க சார்... ஒரு பீரோதானா? ஒவ்வொரு புக்கா எடுத்துக் காட்டுங்க!”

இந்த நேரத்தில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. சனிக்கிழமை ஏற்பாடுகளைப் பார்க்கத் தாட்சாயணி வந்துவிட்டாள். கையில் சுத்தியலோடு டெம்போக்காரன், கையில் செல்போனோடு கரஸ்பாண்டெண்ட், லேத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் மாணவர்கள்.

“இன்னா சார் நடக்குது?”

“சர்வீஸ்மா,” என்றார் கோவர்த்தனன்.

“சுத்தியலாலயா?”

ஆதிநாராயணனுக்கு அலுத்துவிட்டது. போய் லேத்தின் முன்னால் நின்றான்.

“அம்மா, நான் தாள்ல போட்டது பொய். இந்த லேத்து எங்களுது இல்ல. திருப்பதில ஏதோ ஒரு வொர்க்‌ஷாப்புக்காரருது. நாயுடுபேட்டைல நீங்க பார்த்ததும் இதேதான். வாடகைக்கு வந்தது. திருப்பி அனுப்பக்கூடாதுன்னு நான்தான் சிமெண்டு போட்டேன். வருஷக்கணக்கா முள்ளங்கி வச்சிப் பாடம் நடத்தறேன். எனக்கு எந்தத் திருப்தியும் இல்ல. நேத்து ஒருநாள் இருந்தது.”

திலீப் கையிலிருந்த இரும்புத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார்,” என்று கோவர்த்தனனிடம் திரும்பினான் ஆதிநாராயணன். “அடுத்தவன் பொருளைத் திருடினேன்னே வச்சிக்குங்க. போலீசைக் கூப்பிடுங்க. நானே வந்து ஜீப்புல ஏறிக்கறேன். ஆனா திங்கட்கிழமை சாயந்தரம் ஏறறேன். அதுவரைக்கும் பசங்க இதுல பழகணும்.”

“போலீசா?” கோவர்த்தனன் குரல் திடீரென்று இறங்கிப்போனது. “சேச்சே, போலீசெல்லாம் எதுக்குப்பா? நமக்குள்ள பேசிக்கலாம்.”

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு மென்மையாகப் பேசி ஆதிநாராயணன் கேட்டதில்லை.

“அப்ப அந்த வொர்க்‌ஷாப்புக்காரர் நம்பரைக் குடுங்க சார். நானே பேசறேன். கால்ல விழச் சொன்னா விழறேன். மூணு நாள் விட்டு வைங்கன்னு கேக்கறேன்.”

“அவரு ஊர்ல இல்ல.”

“எங்க போயிருக்காரு?”

“காணிப்பாக்கம். வேண்டுதல்.”

“போன்ல பேசறேன் சார்.”

“கோயில்ல போனை ஆஃப் பண்ணிருப்பாரு. வேணாம்ப்பா, நீ அவர்கிட்ட பேசாத. ரொம்பக் கோவக்காரரு. மிஷினு திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும். நான் சொல்லிக்கறேன்.”

போன் அடித்தது. கோவர்த்தனன் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

தாட்சாயணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிநாராயணனுக்கு மனசு கேட்கவில்லை. அந்த வொர்க்‌ஷாப்புக்காரருடைய பிழைப்பை அவருக்குத் தெரியாமல் தரையில் புதைத்து வைத்திருக்கிறோம். அவருக்கும் வேலை இருக்கும், வீடு இருக்கும். கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சிட்டிபாபுவின் பக்கம் போனான். அவன் டெம்போவின் படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

“சிட்டி, நீதான எப்பவும் ஏத்திக்கினு வர்ற. உனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த லேத்தோட ஓனர் வீடு எங்கன்னு சொல்லு. நான் இப்பவே உங்கூட டெம்போல வந்து கேட்டுர்றேன்.”

“டேய் சிட்டி, நீ கெளம்பு!” என்றார் கோவர்த்தனன்.

சிட்டிபாபு பீடியை வாயிலிருந்து எடுத்தான். ஆதிநாராயணனைப் பார்த்தான். கோவர்த்தனனைப் பார்த்தான். மறுபடியும் ஆதிநாராயணனைப் பார்த்தான்.

“எந்த ஓனரு சார்? கவர்மெண்டு உங்க காலேஜுக்குன்னு அனுப்பின மிஷின இதே ரூமுல எறக்கி, அன்னிக்கு மத்தியானமே திருப்பதில கரஸ்பாண்டெண்டு சாரு வூட்டுப் பின்னாடி தகரக் கொட்டாய்க்கு ஏத்திக்கினு போனவன் நானு... உங்குளுக்குத் தெரியாதா?”